காசிக்குப் பெற்றோரோடு ரயிலில்: பதற்றமில்லாமல் போய்வர ஒரு முழுமையான வழிகாட்டி

ஆட்டோ திருச்சி ஜங்ஷனை நெருங்கும்போதுதான் அம்மாவுக்கு அந்தச் சந்தேகம் வரும். "கேஸை மூடினியாடா?" மூடிவிட்டேன் என்று சொல்வேன், சொல்லும்போதே எனக்கும் சந்தேகம் வந்துவிடும். பின்கட்டுக் கதவு? மோட்டார்? அப்பாவின் சர்க்கரை மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது? பல வருடங்களாக எங்கள் வீட்டில் பயணம் என்றால் இப்படித்தான் தொடங்கும். கிளம்புகிற அன்று காலையில் யாராவது ஒருத்தர் இன்னொருத்தர் மேல் எரிந்து விழாமல் நாங்கள் எந்த ஊருக்கும் போனதில்லை.

பெற்றோரைக் காசிக்குக் கூட்டிப்போவது என்று முடிவானதும் எனக்கு உள்ளுக்குள் பயம்தான். அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 68. ஒன்றரை நாளுக்கு மேல் ரயில், பாஷை தெரியாத ஊர், கூடவே பத்து வயது மகள். ஒருநாள் இரவு நானும் மனைவியும் உட்கார்ந்து, பழைய பயணங்களில் எதற்கெல்லாம் சண்டை வந்தது என்று ஒரு நோட்டில் எழுதினோம். முக்கால்வாசி, கிளம்புவதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் எடுத்த முடிவுகளால் வந்தவை. எந்தப் பெட்டி, எவ்வளவு ரொக்கம், மதியத்துக்கு என்ன சாப்பாடு, பூட்டுவது யார்? தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத விஷயங்கள். இருபதும் ஒரே காலையில் வந்து வாசலில் நின்றால் மனுஷன் என்ன செய்வான்!

அதனால் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு தேதி போட்டோம். அந்தத் தேதி கடந்துவிட்டால் அதைப் பற்றி மறுபடி பேசக்கூடாது. அவ்வளவுதான் எங்கள் முறை. கீழே இருப்பது அந்த நோட்டிலிருந்து எடுத்தது. காசிக்காக எழுதினது; நீண்ட தூர ரயில் எதற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

மூன்று மாதத்துக்கு முன்: எந்த மாதம் என்று முடிவு செய்யுங்கள்

பயணத்தில் வரும் சிரமத்தில் பாதியைத் தேதியே தீர்மானித்துவிடுகிறது. மே, ஜூனில் காசி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆடி, ஆவணியில் கங்கை பெருகிப் படித்துறைகளை மூழ்கடித்துவிடும், படகு ஓடாது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வட இந்தியா முழுக்க மூடுபனி. ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். மகா சிவராத்திரிக்கும், கார்த்திகைப் பௌர்ணமியில் வரும் தேவ் தீபாவளிக்கும் கூட்டம் தாங்காது. அந்த விசேஷத்துக்காகவே போகிறவர்களைத் தடுக்கவில்லை. வயதானவர்களோடு நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் சிவராத்திரிக் கூட்டத்தைத் தவிர்த்த பிப்ரவரி, மார்ச் தொடக்கம், அல்லது அக்டோபர் கடைசி, நவம்பர். நாங்கள் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தோம்.

எத்தனை நாள் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். காசி, கயா, அயோத்தி, பிரயாகை எல்லாவற்றையும் ஐந்து நாளில் அடுக்கும் திட்டம் தாளில் அழகாக இருக்கும். நாலாவது நாள் அப்பா அறையை விட்டு வர மாட்டேன் என்பார். நாங்கள் காசியில் நான்கு இரவு, பிரயாகைக்கு ஒரு பகல் என்று நிறுத்திக்கொண்டோம். கயா விட்டுப்போனதில் அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனால் அந்த வருத்தத்தை மூன்று மாதத்துக்கு முன்பே, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பட்டுத் தீர்த்துவிட்டார்.

60-ம் நாள், காலை 8 மணி: டிக்கெட்

முன்பு 120 நாளுக்கு முன் முன்பதிவு திறக்கும். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள். பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும்: ஜனவரி 10-ம் தேதி ரயிலுக்கு நவம்பர் 11-ம் தேதி காலை 8 மணிக்குத் திறக்கும். ரயில் புறப்படும் ஊரின் தேதிதான் கணக்கு. நீங்கள் ஏறும் ஊருக்கு அது மறுநாள் வந்து சேரும் ரயிலானால், உங்கள் பயணத் தேதியிலிருந்து பார்க்க 61 நாளுக்கு முன்பே திறந்திருக்கும். திரும்பி வரும் டிக்கெட்டில் இதைக் கவனிக்காமல் ஒரு நாள் பிந்தி, வெயிட்டிங் லிஸ்ட்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

அந்தக் காலைக்கு முந்தின வாரமே ஐஆர்சிடிசி கணக்கை ஆதாரோடு இணைத்துச் சரிபார்த்து வையுங்கள். 2025 ஜூலை முதல் தட்கலுக்கு அது கட்டாயம். அந்த ஆண்டு அக்டோபரில், சாதாரண முன்பதிவு திறக்கும் முதல் 15 நிமிடத்துக்கும் ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும் என்றார்கள்; பிறகு அந்த நேரத்தை இன்னும் நீட்டிவிட்டார்கள். பயணிகளின் பெயர், வயதை மாஸ்டர் லிஸ்ட்டில் ஏற்றி வைத்துவிட்டால் 8 மணிக்குத் தட்டச்சு செய்துகொண்டிருக்க வேண்டாம். இந்த விதிகளை ரயில்வே அடிக்கடி மாற்றுகிறது. போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் சொல்வதுதான் பெற்றோரோடு போகிறவர்களுக்கு முக்கியம். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் போடாதீர்கள். லோயர் பெர்த் கோட்டா என்று ஒன்று இருக்கிறது: 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும். ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அது பொருந்தும். மூன்றாவதாக உங்கள் பெயரைச் சேர்த்தால் போச்சு. அப்பா அம்மாவுக்கு அந்தக் கோட்டாவில் தனி டிக்கெட், மற்ற மூவருக்கும் பொதுக் கோட்டாவில் இன்னொன்று என்று போட்டோம். வேறு வேறு பெட்டியில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று மனைவி கேட்டாள். விழுந்தால் நாம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். 74 வயதுக்காரர் நடுப் படுக்கைக்கு ஏறி இறங்குவதை விட அது மேல் என்றேன். நல்லவேளையாக ஒரே பெட்டி கிடைத்தது. கையில் வசதி இருந்தால் பெரியவர்களுக்கு இரண்டடுக்கு ஏசி போடுங்கள். அதில் நடுப் படுக்கையே கிடையாது. பகலில் முதுகு நிமிர்த்தி உட்காரலாம். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, இன்னும் இருக்கிறது என்று நினைத்துப் பட்ஜெட் போட வேண்டாம்.

வெயிட்டிங் லிஸ்ட் என்று வந்தால்? 2025 மே முதல், வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரிலோ ஏசியிலோ ஏற முடியாது. ஆன்லைனில் எடுத்தது சார்ட், அதாவது யாருக்கு எந்தப் படுக்கை என்ற கடைசிப் பட்டியல், தயாரானதும் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். வெயிட்டிங்கிலும் வகை உண்டு: ஜிஎன்டபிள்யூஎல் என்று வந்தால் உறுதியாகும் வாய்ப்பு அதிகம், பிக்யூடபிள்யூஎல், ஆர்எல்டபிள்யூஎல் என்றால் குறைவு. ஆர்ஏசி கிடைத்தால் ஏறலாம், ஆனால் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையை இன்னொருவரோடு பகிர வேண்டும். 40 மணி நேரத்துக்கு அப்பாவை அப்படி உட்கார வைக்க எனக்கு மனசு வராது. தட்கல் முந்தின நாள் திறக்கும், ஏசிக்குக் காலை 10 மணி, ஏசி இல்லாததற்கு 11 மணி. பெரியவர்களோடு போகும் பயணத்துக்குத் தட்கலை நம்பித் திட்டம் போடுவது, இரண்டு மாதத் தூக்கத்தை முன்கூட்டியே விற்பது மாதிரி. தேதியை இரண்டு நாள் தள்ளிப் பாருங்கள், பல நேரம் கிடைத்துவிடும்.

சென்னை சென்ட்ரலிலிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் வாரம் இருமுறை. ராமேஸ்வரத்திலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் பனாரஸுக்கு வாராந்தர ரயில்கள் உண்டு. கன்னியாகுமரி ரயில் 2023 டிசம்பரில் தொடங்கியது. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். காசியில் வாராணசி ஜங்ஷன் ஒன்று. அதை உள்ளூரில் கேண்ட் என்பார்கள். பனாரஸ் என்பது வேறு நிலையம், 2021 வரை மண்டுவாடி என்று இருந்தது. சில ரயில்கள் பழைய முகல்சராயான தீன்தயாள் உபாத்யாயா ஜங்ஷனோடு போய்விடும்; அங்கிருந்து காசிக்குச் சுமார் 17 கிலோமீட்டர். எந்த நிலையத்தில் இறங்குகிறோம் என்பதைப் பெற்றோருக்கும் சொல்லி, தமிழில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

டிக்கெட் கைக்கு வந்ததும் இரண்டு விஷயத்தைச் சத்தமாகப் படியுங்கள். ஒன்று தேதி. நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு புறப்படும் ரயிலுக்கு மறுநாள் தேதி போட்டிருக்கும். 15-ம் தேதி 00.20 என்றால் 14-ம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக் கிளம்ப வேண்டும். நான் ஒருமுறை 15-ம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றவன். ரயில் போய் ஒரு நாள் ஆகியிருந்தது. இரண்டாவது, எந்த நிலையம் என்பது. சென்னையில் சென்ட்ரலா, எழும்பூரா, தாம்பரமா? பெங்களூரென்றால் இன்னும் சிக்கல். வெளியூரிலிருந்து வந்து சென்னையில் ரயில் மாறுகிறவர்கள் நடுவில் குறைந்தது ஆறு மணி நேரம் விடுங்கள். முதல் ரயில் தாமதமானாலும் எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு நிதானமாகப் போய், சாப்பிட்டு, பெரியவர்கள் கால் நீட்டி உட்கார நேரம் இருக்கும்.

தங்குமிடம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிக்கெட் உறுதியான அதே வாரத்தில் அறையையும் உறுதி செய்யுங்கள். காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் 1813-லிருந்து நடக்கிறது. கேதார் காட் படித்துறையில் குமரகுருபரர் நிறுவிய குமாரசாமி மடம். பக்கத்தில் அனுமன் காட் வட்டாரத்தில் தமிழ் காதில் விழும். பாரதி இளவயதில் தங்கியிருந்த வீடும் அங்கேதான். இட்லி, ரசம் இல்லாமல் இரண்டு நாள் கூடத் தாங்காத பெரியவர்கள் இருந்தால் இந்தப் பக்கம் பாருங்கள்.

அறையை உறுதி செய்யும்போது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஆட்டோ எதுவரை வரும், அங்கிருந்து எவ்வளவு நடக்க வேண்டும்? எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா? மேல்நாட்டுக் கழிப்பறையா? கங்கைக்கரைச் சந்துகளில் வண்டி நுழையாது. கங்கையைப் பார்த்த அறை என்று படத்தில் மயங்கி எடுத்தால், மூன்று சந்து நடந்து நாலு மாடி ஏற வேண்டியிருக்கும். முழங்கால் வலிக்காரருக்குக் கங்கை தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?

ஒரு மாதத்துக்கு முன்: உடம்பு

காசியில் படித்துறைகள் 84 என்பார்கள். எதுவும் நாலு படி ஐந்து படி அல்ல; செங்குத்தாக இறங்கும். அதனால் ஒரு மாதம் முன்பிருந்தே அப்பாவும் அம்மாவும் தினம் மாலை அரைமணி நடந்தார்கள். மலைக்கோட்டை உள்ளூரிலேயே இருப்பதால் வாரம் ஒருமுறை தாயுமானவர் சந்நிதி வரை ஏறி இறங்கினோம். எவ்வளவு ஏறினால் மூச்சு வாங்குகிறது, எங்கே உட்கார வேண்டியிருக்கிறது என்று எனக்கும் தெரிந்துபோனது. அங்கே போய் "இன்னும் கொஞ்ச தூரம்தான் வாங்க" என்று இழுக்க வேண்டியிருக்கவில்லை.

வழக்கமான மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், பயண நாளில் எந்த நேரத்தில் போடலாம் என்று கேளுங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், அதனால் தலைசுற்றி விழுவதும் ரயிலில் சாதாரணமாக நடக்கிறது. மாத்திரைகளைப் பயண நாட்களோடு மூன்று நாள் கூட்டி வாங்கி, இரண்டு பங்காக்கி இரண்டு பையில் வையுங்கள். டப்பாவில் கொட்ட வேண்டாம். அட்டையோடு இருந்தால்தான் வெளியூர் மருந்துக்கடையில் காட்டி வாங்க முடியும். மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவருக்குக் குளிர்ப் பை. சர்க்கரைக்காரர் சட்டைப்பையில் எப்போதும் நாலு சாக்லேட்டோ குளுக்கோஸோ.

இரண்டு வாரத்துக்கு முன்: பெட்டி

ஒவ்வொருத்தரும் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு ஒரு மேம்பாலப் படிக்கட்டு ஏறி இறங்க முடிய வேண்டும். இதுதான் எங்கள் அளவு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ இலவசம் என்று விதி சொல்லலாம். விதி படி ஏறாது. பெற்றோர் பையில் ஒரு செட் துணி, போர்வை, மாத்திரை மட்டும். மற்றதெல்லாம் எங்கள் பையில்.

துணி ஆளுக்கு நாலு செட் போதும், அங்கே துவைத்துப் போட்டுக்கொள்ளலாம். பிப்ரவரியிலும் விடியற்காலை படகில் குளிரும். ஸ்வெட்டர், காதுக்கு மஃப்ளர் வேண்டும். கங்கையில் முங்குவதற்குப் பழைய துணி ஒன்று தனியாக. வழுக்காத ரப்பர் செருப்பு, டார்ச், ஒரு சங்கிலிப் பூட்டு, கயிறு கொஞ்சம், காலி டப்பா இரண்டு, நியூஸ்பேப்பர். இதற்கு மேல் "எதற்கும் இருக்கட்டும்" என்று எடுத்து வைக்கும் பொருள் எதுவும் அந்தப் பயணத்தில் வெளியே வராது என்பதை நான் மூன்று முறை சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஆட்டோவுக்கும் படகுக்கும் 10, 20, 50 ரூபாய் நோட்டாக ஒரு கட்டு மேல் பையில். பெரிய நோட்டு இரண்டு பேரிடம் பிரித்து. போனில் பணம் அனுப்பலாம்தான். சிக்னல் இல்லாத சந்தில், பேரம் பேசி முடித்த பிறகு, திரை சுற்றிக்கொண்டே இருக்கும்போது வரும் எரிச்சல் வேண்டாமே.

ஒருவருடைய தலையிலேயே எல்லாத் தகவலும் இருப்பது இன்னொரு பிரச்சினை. எங்கள் வீட்டில் அது மனைவியின் தலை. "அந்தச் சீப்பு எங்கே", "டிக்கெட் நம்பர் என்ன", "ரூம் பேர் என்ன" என்று நாள் முழுக்க நாலு பேரும் அவளிடமே கேட்டால் அவளுக்குப் பயணம் ஏது? பிஎன்ஆர் எண், பெட்டி, படுக்கை எண், அறை முகவரி, எங்கள் இருவர் போன் எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி ஐந்து நகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தோம். ரயில் சம்பந்தப்பட்டது என் பொறுப்பு, சாப்பாடும் மருந்தும் அவள், பைகளை எண்ணுவது மகள். மகள் கடைசி வரை ஏழு, ஏழு என்று எண்ணிக்கொண்டே வந்தாள்.

இரண்டு நாளுக்கு முன்: பரஸ்தானம்

பழைய வழக்கம் ஒன்று உண்டு. கிளம்பும் நாள் நாள்கோள் சரியில்லையென்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரத்தில் பெட்டியையோ துணிப்பையையோ பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அதற்குப் பரஸ்தானம் என்று பேர். பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அம்மா அதைச் செய்ய வேண்டும் என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பெட்டி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டதால், கடைசி நாளில் அதைத் திறந்து அடுக்க வழியே இல்லை! எடுத்து வைத்தது வைத்ததுதான். இப்போது சென்னைக்குப் போவதென்றாலும் நாங்கள் இரண்டு நாள் முன்பே பெட்டியைப் பூட்டி வாசல் அறையில் வைத்துவிடுகிறோம். கைப்பை மட்டும் கடைசி வரை திறந்திருக்கும்.

ராகு காலம், சூலம் பார்க்கிற வீடு என்றால் அதையும் சண்டையாக்காதீர்கள். ரயில் நேரத்தை மாற்ற முடியாது, வீட்டை விட்டு இறங்கும் நேரத்தை மாற்றலாம். ராகு காலத்துக்கு முன்பே இறங்கிவிட்டால் நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்வோம். எனக்கும் அதுதான் வேண்டும்.

வீட்டு வேலைகளை இன்றே பட்டியல் போட்டு முடியுங்கள்: பால், பேப்பர் நிறுத்துவது, ஃபிரிட்ஜைக் காலி செய்வது, செடிகளுக்குத் தண்ணீர் விட ஆள், மாற்றுச் சாவி யாரிடம் என்பது. பூட்டிய வீடு என்று காவல் நிலையத்தில் சொல்லி வைப்பதும் நல்லது. காசியில் எடுத்த படங்களைத் திரும்பி வந்த பிறகு ஸ்டேட்டஸில் போடலாம்.

கட்டுச்சோறு

இதில் எனக்குக் கொஞ்சம் ஆசை அதிகம், நீட்டிச் சொல்கிறேன். ரயிலில் வயிறு கெட்டால் பயணமே கெட்டது. எந்தச் சாப்பாடு எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை வைத்து வரிசை போட வேண்டும். முதல் வேளைக்கு இட்லி: ஆறிய பிறகு இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாட்டிய வாழையிலையில் அடுக்க வேண்டும். சட்னி, முக்கியமாகத் தேங்காய்ச் சட்னி, கூடவே கூடாது. அடுத்த வேளைக்குத் தயிர்சாதம். நன்றாகக் குழைத்த சாதத்தில் பாலை நிறைய விட்டு, தயிரை ஒரு கரண்டி மட்டும் கலந்தால், சாப்பிடும் நேரத்துக்குப் புளிக்காமல் தோய்ந்திருக்கும். மறுநாளைக்குப் புளியோதரை. புளிக்காய்ச்சலில் எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்கவிட்டு, சாதத்தை ஆறவிட்டுக் கலக்க வேண்டும். வெங்காயம், தண்ணீர்க் கை படக்கூடாது. அதற்குப் பிறகு சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். முறுக்கு, பொரி, வாழைப்பழம் எப்போதும் பையில். மீதமானதை "வீணாகிறதே" என்று மூன்றாம் வேளை சாப்பிட வேண்டாம்.

இவ்வளவு சமைக்க வீட்டில் ஆளில்லை என்றால் ஐஆர்சிடிசியின் இ-கேட்டரிங்கில் பிஎன்ஆர் எண்ணைக் கொடுத்து, வழியில் உள்ள பெரிய நிலையத்தில் இருக்கைக்கே சாப்பாடு வரவழைக்கலாம். கிளம்பும் காலையில் அம்மா ஐந்து மணிக்கு எழுந்து சாதம் கிளறிக்கொண்டிருப்பதை விட அது எவ்வளவோ மேல். புளிக்காய்ச்சலை இரண்டு நாளுக்கு முன்பே செய்துவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

கிளம்பும் நாள்

காலையில் புது வேலை எதுவும் வைக்காதீர்கள். அந்தக் கேஸ் கேள்விக்கு நாங்கள் கண்டுபிடித்த மருந்து: ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போனில் படம். மோட்டார் சுவிட்ச், பின்கதவுத் தாழ்ப்பாள், கடைசியாகப் பூட்டிய பூட்டு, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு படம். ஆட்டோவில் அம்மா கேட்டார். போனை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "சரி" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

டிக்கெட் உறுதியாகாமல் இருந்தால் சார்ட்டைப் பாருங்கள். முன்பு ரயில் கிளம்ப 4 மணி நேரம் இருக்கும்போதுதான் தயாராகும். 2025-ல் அதை முன்னே நகர்த்திவிட்டார்கள். காலை ரயில்களுக்கு முந்தின நாள் இரவே தெரிந்துவிடும். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், போக வேண்டாம் என்று முடிவெடுத்தால், ரயில் உண்மையில் புறப்படுவதற்கு முன் டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு) பதிவு செய்தால் முழுப் பணமும் கிடைக்கும். ஒரிஜினல் அடையாள அட்டை ஒரு டிக்கெட்டுக்கு ஒன்றாவது வேண்டும். எங்களைப் போல இரண்டு டிக்கெட் என்றால் இரண்டுக்கும்.

பெரிய நிலையங்களில் பேட்டரி கார், சக்கர நாற்காலி, போர்ட்டர் உண்டு. அப்பா "நான் என்ன கிழவனா" என்றார். "கூட்டத்தில் எனக்குப் பயமா இருக்குப்பா, நீங்க அம்மாகூட ஏறிக்கோங்க" என்றேன். ஏறிக்கொண்டார்.

ரயிலில்

நடுப் படுக்கையை விரிக்கும் நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை. அதற்கு முன் யாராவது விரித்தால் இந்த விதியைச் சிரித்த முகத்தோடு சொல்லலாம். ஏறியதும் எதிரில் இருப்பவர்களோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டால் போதும், மீதி 38 மணி நேரம் சுலபமாகும். பைகளைக் கீழ்ப் படுக்கைக்கு அடியில் சங்கிலியிட்டுப் பூட்டுங்கள். பணப்பையும் மாத்திரையும் தலைமாட்டில். மருத்துவ உதவி, பாதுகாப்பு, பெட்டி சுத்தம் எதுவானாலும் 139.

பெரியவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பி நடைபாதையில் நாலு அடி நடக்கவிடுங்கள், இல்லாவிட்டால் கால் வீங்கும். கழிப்பறைக்குப் போகும்போது கூட ஒருவர் போய் வாசலில் நிற்கட்டும். ரயில் குலுங்கும் இடத்தில் விழுந்து எலும்பு முறிந்தால் எந்தத் திட்டமும் காப்பாற்றாது. தாமதத்தை எண்ணிக்கொண்டே இருக்காதீர்கள். அப்பா ஒவ்வொரு நிலையத்திலும் "ஒன்றே கால் மணி லேட்" என்று அறிவித்துக்கொண்டு வந்தார். இறங்கிய அன்று எங்கும் போவதாக நாங்கள் திட்டமே போடவில்லை என்று மகள் அவருக்கு ஞாபகப்படுத்தினாள்.

காசியில்

ஒரு நாளைக்கு ஒரு பெரிய காரியம். மதியம் அறையில் ஓய்வு. மாலை முடிந்தால் ஒன்று. விசுவநாதர் தரிசனம் ஒரு நாள், படகு ஒரு விடியற்காலை, தசாசுவமேத காட் ஆரத்தி ஒரு மாலை. ஆரத்தியைப் படியில் நெருக்கியடித்துப் பார்ப்பதை விடப் படகிலிருந்து பார்ப்பது பெரியவர்களுக்கு நல்லது. படகுக் கூலி, ஆட்டோக் கூலி, திதி கொடுக்கும் புரோகிதருக்கான தட்சிணை எல்லாவற்றையும் தொடங்கும் முன் எண்ணைச் சொல்லிப் பேசிவிடுங்கள். கண்ணை மூடி மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது தொகை ஏறினால் பக்தியும் போய்விடும், பணமும் போய்விடும்.

விசுவநாதர் கோயிலுக்குள் செல்போன் அனுமதி இல்லை, லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். 2021 டிசம்பரில் திறந்த புதிய வளாகம் பரந்தது, வாசல்களும் பல. கையில் போன் இல்லாமல் பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதை உள்ளே போகும் முன்பே பேசுங்கள். நாங்கள் லாக்கர் கடை வாசல் என்று குறித்தோம். அம்மா உண்மையிலேயே வரிசையில் பிரிந்துவிட்டார். பதறியடித்து நாங்கள் கடைக்கு வந்தபோது, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கடைக்காரப் பெண்ணோடு தமிழில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் இந்தியில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிடித்த காய் ஒன்றைக் காசியில் விட்டுவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். அப்பா கொத்தவரங்காயை விட்டார். அவர் அதைச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

திரும்பி வந்த பிறகு

திரும்பிய மறுநாளே அலுவலகம் என்று வைக்காதீர்கள். ஒரு நாள் விடுப்பு கூடப் போடுங்கள். ரயில் தாமதத்துக்கும் அதுவே இடம் கொடுக்கும். வந்த அன்று சாப்பாட்டுக்கு ரசப்பொடி, அப்பளம், தயிருக்குப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனது எங்களுக்கு உதவியது. கங்கைச் சொம்பு, காசிக்கயிறு யார் யாருக்கு என்று ரயிலிலேயே பேர் எழுதி ஒட்டிவிட்டால் வீட்டில் தேட வேண்டாம்.

துணியைத் துவைக்கப் போடுவதற்கு முன், நோட்டை எடுத்து எதைத் தொடவே இல்லை, எது போதவில்லை என்று எழுதுங்கள். எங்கள் நோட்டில் இருப்பது: குடை வேண்டாம். சங்கிலிப் பூட்டு இரண்டு வேண்டும். அப்பாவுக்கு இன்னொரு மஃப்ளர். புளியோதரை இன்னும் ஒரு டப்பா. எதிர் சீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தே தீர்ந்துவிட்டது.